ப்ராமுக்குப் பதினான்கு தடவை

1

நேற்று எனக்கு ஒரு நன்றி அட்டை வந்தது. கையெழுத்துப் போட்டிருந்தது ஒரு நாய். அதன் முன்னங்காலை மையில் தோய்த்து அட்டையில் ஒற்றியிருந்தார்கள். மேலே அதை வளர்க்கும் அம்மா டச்சு மொழியில் எழுதியிருந்தார்: "இரண்டு வருஷமாக என்னைக் கவனித்துக்கொண்டதற்கு நன்றி. இப்படிக்கு, ப்ராம்."

ப்ராம் ஆறு வயது ஜெர்மன் ஷெப்பர்டு. முதன்முதலில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அதன் விலா எலும்புகளை எண்ணிவிடலாம். தின்றதெல்லாம் தண்ணீராகப் போய்க்கொண்டிருந்தது. நேற்று ஓடி வந்து இரண்டு காலையும் தூக்கி என் மார்பில் வைத்ததில் நான் ஓர் அடி பின்னால் போய்விட்டேன், அவ்வளவு கனம். எல்லாரும் கைதட்டினார்கள். கேக் வெட்டினார்கள். நான் அட்டையை வாங்கி மேசை இழுப்பறைக்குள் குப்புறப் போட்டேன்.

"சுவரில் ஒட்டவில்லையா?" என்றாள் கூட வேலை பார்க்கும் அனெக். அப்புறம் ஒட்டுகிறேன் என்றேன். ஒட்டமாட்டேன். போன வருஷம் இதே வாரத்தில்தான் திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் என் அக்கா தமிழரசியின் பெருங்குடலை எடுத்தார்கள். அதற்குக் காரணம் நான். இது என் அக்காவைத் தவிர ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

அரியலூரில் என்னோடு படித்த நண்பர்கள் ஒரு சிறு இதழ் நடத்துகிறார்கள். "நெதர்லாந்து வாழ்க்கையப் பத்தி ஜாலியா எழுதி அனுப்புடா. சைக்கிள், கால்வாய், பனி, அந்த மாதிரி" என்று கேட்டிருந்தார்கள். சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன். கால்வாய் ஓரமாகத்தான் போகிறேன். பனி வருஷத்துக்கு நாலு நாள். மிச்ச நாளெல்லாம் மழை, நனைகிறேன். ஜாலி இத்துடன் முடிந்தது. மீதியை எழுதுகிறேன்.

2

என் வேலை என்ன என்று ஊரில் இதுவரை சரியாகச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். நான் கால்நடை ஆஸ்பத்திரியோடு சேர்ந்த ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். குடல் அழற்சி வந்த நாய்களின் ரத்தம், குடலில் கிள்ளி எடுத்த துளிச் சதை, மலம் ஆகிய மூன்றும் டப்பாக்களில் என் மேசைக்கு வரும். முக்கியமாக மலம். நாள் முழுக்க.

குடலின் உட்சுவரில் காவலுக்கு நிற்கும் அணுக்கள் உண்டு. குடலுக்குள் கோடிக்கணக்கில் குடியிருக்கும் நுண்ணுயிரிகளில் யார் நம் வீட்டு ஆள், யார் திருடன் என்று பார்ப்பது அவற்றின் வேலை. வியாதிப்பட்ட நாய்களில் இந்தக் காவல் கெட்டுவிடுகிறது. வீட்டு ஆளைப் பார்த்தே "திருடன், திருடன்" என்று கூப்பாடு போடுகின்றன. அந்தக் கூப்பாடு சின்னச் சின்னப் புரதங்களாக ரத்தத்தில் போய்ச் சேர, வெள்ளணுக்கள் திரண்டு வருகின்றன. வந்தவையும் சேர்ந்து கத்துகின்றன. கடைசியில் அடிபடுவது குடல்தான். யார் யாருக்கு என்ன சமிக்ஞை அனுப்புகிறார்கள், எது அடங்கியது, எது அடங்கவில்லை என்று அளந்து நோட்டில் எழுதுகிறவன் நான்.

மரியாதையான வேலைதான். ஆனால் அதில் நாய் இருக்கிறது, பீ இருக்கிறது. இரண்டையும் ஊரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காரணம் அப்பா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா செந்துறைப் பக்கம் ஒரு பண்ணைவீட்டு மாட்டுக்கொட்டகையில் முப்பது வருஷம் கூலிக்கு இருந்தவர். கன்றுக்குட்டிக்குக் கழிச்சல் என்றால் சாணியை விரலால் தொட்டு, மோந்து பார்த்து, என்ன தின்றது என்று சொல்லிவிடுவார். வேலை முடிந்து வந்தால் எவ்வளவு குளித்தாலும் அந்த வாசனை போகாது. பெரம்பலூர் காலேஜில் நுண்ணுயிரியல் சேர்க்க என்னை பஸ் ஏற்றிவிட்ட அன்று, "சாணி அள்ளுனது என்னோட போவட்டும் சாமி" என்றார். அதற்குப் பிறகு நெதர்லாந்தில் வேலை கிடைத்தபோது நான் அவரிடம் சொன்னது: "பெரிய ஆஸ்பத்திரிப்பா. குடல் நோய் ஆராய்ச்சி." சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நிஜம். ஒரே ஒரு வார்த்தையை விட்டுவிட்டேன்.

அப்பாவின் மனசு நோகக் கூடாது என்று விட்டேன் என்பது பொய். எனக்கு வெட்கமாக இருந்தது, அதனால் விட்டேன்.

3

ஊரில் நல்லது கெட்டது எதுவானாலும் ஃப்ளெக்ஸ் அடிக்காமல் முடியாது. தங்கச்சி மகள் மஞ்சள் நீராட்டுக்கு அடித்த பேனரில் மண்டபத்து வாசல் முழுக்க என் முகம். கோட்டு என்னுடையது இல்லை, ஸ்டூடியோக்காரர் போட்டுவிட்டது. கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் வேறு மாட்டியிருந்தார். "நெதர்லாந்து குடல் நோய் ஆராய்ச்சியாளர், எங்கள் மாமா" என்று எழுத்து. போட்டோவை எனக்கு அனுப்பினார்கள். ஸ்டெதாஸ்கோப்பை எடுக்கச் சொல்லியிருக்கலாம். "சூப்பர்" என்று பதில் போட்டேன்.

அதிலிருந்து ஆரம்பித்தது. வெளிநாட்டில் ஒருத்தன் மருந்து வாசனை படுகிற எந்த வேலையில் இருந்தாலும், நம்மூரில் சொந்தபந்தம் அத்தனை பேரின் ரிப்போர்ட்டும் அவனுக்கு வாட்ஸ்அப்பில் வந்துவிடும். எக்ஸ்ரேயை ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து எடுத்த போட்டோ, மடித்துக் கசங்கிய ரத்தப் பரிசோதனைத் தாள், மாத்திரை அட்டை. மீன்சுருட்டி சித்தப்பா தம் வயிற்று எரிச்சலுக்கு எண்டோஸ்கோப்பி வீடியோவையே அனுப்பினார். "டாக்டரப் பாருங்க சித்தப்பா" என்று மட்டும் சொல்லியிருக்க வேண்டும். நானோ இரண்டு வரி விளக்கம் எழுதுவேன். "இங்க உள்ள டாக்டரெல்லாம் இப்டிப் பொறுமையா சொல்றதில்ல தம்பி" என்பார்கள். அந்த வார்த்தைக்கு நான் அடிமையாகிவிட்டேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், டச்சு மொழியில் நான் உண்மை விளம்பி. குடியுரிமைக்கு இங்கே மொழித்தேர்வு உண்டு. கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, "உங்கள் வேலை என்ன?" என்று கேட்டார்கள். "நான் நோயாளி நாய்களின் மலத்தைப் பரிசோதிக்கிறேன்" என்று கணீரென்று சொன்னேன். பாஸ். அதற்கு முன்பே அந்த மொழியில் நிறைய அசடு வழிந்தாயிற்று. டச்சில் 'லெக்கர்' என்றால் ருசி. ஆனால் நல்ல வெயிலுக்கும் லெக்கர், நல்ல தூக்கத்துக்கும் லெக்கர் என்பார்கள். அதைக் கேட்டுப் பழகி, ஒரு நாயின் மலம் முதல்முறையாகக் கெட்டியாக வந்த சந்தோஷத்தில் அதன் சொந்தக்காரரிடம் "ரொம்ப லெக்கர்" என்று சொல்லிவிட்டேன். மனிதர் சிரித்த சிரிப்பு வராந்தா முழுக்கக் கேட்டது. அன்று எனக்கு வெட்கமே வரவில்லை. வெட்கமெல்லாம் தமிழுக்கு என்று எடுத்து வைத்திருந்தேன்.

4

என் மகள் இனியாவுக்கு அப்போது எட்டு வயது. ஊரிலிருந்து வீடியோவில் கூப்பிட்டால் அவள் மாடிக்கு ஓடிவிடுவாள். தமிழ் புரியும், பேச வராது. வாயைத் திறந்தால் "அய்யோ, வெள்ளக்காரி மாரி பேசுறா பாரு" என்று அந்தப் பக்கம் எல்லாரும் சிரிப்பார்கள். அவளுக்கு அது பிடிக்காது.

ஒருநாள் அவளாகவே போன் முன்னால் வந்தாள். பள்ளிக்கூடத்தில் 'என் அப்பாவின் வேலை' என்று படம் வரையச் சொல்லியிருக்கிறார்கள். வெள்ளைக் கோட்டு போட்ட நான், கையில் டப்பா, பக்கத்தில் பெரிய நாய். அதைத் தூக்கிப் பிடித்து, இரண்டு நாளாக அம்மாவிடம் சொல்லிப் பழகியதை ஒப்பித்தாள்: "தாத்தா, என் அப்பா நாய்க்கு டாக்டர்."

அப்பா நெற்றியைச் சுருக்கி, "என்னா சொல்லுது புள்ள?" என்றார்.

"சும்மா வெளையாட்டுக்குச் சொல்றாப்பா. நாய் வளக்கணும்னு அடம்" என்றேன் நான். சிரித்தேன். எல்லாரும் சிரித்தார்கள்.

இனியாவுக்குப் பேசத்தான் வராது, புரியும் என்று சொன்னேனே. படத்தை மடித்துக்கொண்டு போய்விட்டாள். அன்று சாயங்காலம் டச்சில் கேட்டாள், "நான் பொய் சொல்கிறேன் என்று ஏன் சொன்னாய்?" அன்றிலிருந்து ஊர்ப் போன் வந்தால் அவள் வருவதேயில்லை. பிள்ளைகள் நம் மொழியை விட்டுப் போகிறார்கள் என்று புலம்பெயர்ந்தவர்கள் மேடை போட்டுப் புலம்புகிறோம். என் பிள்ளை தமிழில் முழுசாகப் பேசிய ஒரே வாக்கியம் உண்மை. அதைப் பொய்யாக்கியவன் நான்.

5

அக்கா செந்துறையில், அப்பாவும் கூட இருக்கும் வீட்டின் முன் அறையில் தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறாள். அப்போது அவளுக்கு மூன்று வருஷமாக வயிறு சரியில்லை. ஒரு நாளைக்கு எட்டுப் பத்துத் தடவை, ரத்தத்தோடு. அரியலூருக்கு பஸ்ஸில் போக முடியாமல், பாதி வழியில் இறங்கி முள்காட்டுக்குள் ஓடியிருக்கிறாள். அதை யாரிடமும் சொல்லவில்லை. கடைசியில் திருச்சியில் டாக்டர் பார்த்து, பெருங்குடலில் அழற்சி என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். கேட்டது. ஆனால் அதில் ஒன்று ஸ்டீராய்டு. முகம் உப்பிவிட்டது.

"ஊதி வச்ச பலூன் மாரி இருக்கேன்டா. ஜாக்கெட்டு அளவெடுக்க வர்றவளுவோ மாசமா இருக்கியான்னு கேக்குறாளுவோ" என்றாள் போனில். "உனக்குத்தான் இந்தக் குடல் சங்கதியெல்லாம் தெரியுமே. மாத்திரை இல்லாம சாப்பாட்டுலயே சரி பண்ண முடியாதா?"

இந்த இடத்தில் நான் எவ்வளவு நேரம் யோசித்தேன் என்று பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். யோசிக்கவேயில்லை. எங்களிடம் வரும் நாய்களில் நிறையவற்றுக்குச் சாப்பாட்டை மாற்றினாலே குணம் தெரிகிறது. அதுவரை தின்ற புரதத்தை நிறுத்தி வேறு கொடுத்தால் காவல் அணுக்களின் கூப்பாடு அடங்குகிறது. அதை அப்படியே எடுத்து அக்காவுக்குச் சொன்னேன். பால் வேண்டாம், கோதுமை வேண்டாம், கறி வேண்டாம், சோறும் பாசிப்பருப்பும் சாப்பிடு. மாத்திரையைப் பாதியாக்கு, பத்து நாளில் நிறுத்திவிடு. மனுஷக் குடலுக்கு இது பொருந்துமா என்று கேட்க எனக்கு ஒருத்தரும் தெரியாமல் இல்லை. கேட்டால் நான் யாரென்று எனக்கே தெரிந்துவிடும்.

"டாக்டர்ட்ட சொல்லணுமா?" என்று கேட்டாள் அக்கா.

"அவங்க மாத்திரைய நிறுத்த விடமாட்டாங்கக்கா. நான் இருக்கேன்ல" என்றேன்.

ஆறு வாரம் கழித்து அவள் அனுப்பிய செய்தி: "இப்ப தேவல தம்பி. மூஞ்சி வத்திருச்சி. ரெண்டு தடவதான் போவுது." நான் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினேன். கூட ஒரு சிரிப்பு முகம்.

எனக்குத் தெரிந்த ஒரே ஒரு விஷயத்தை அப்போது மறந்தேன். வெளியே குணமானது போல இருக்கும் நாயின் குடலைக் கிள்ளிப் பார்த்தால் உள்ளே அழற்சி அப்படியே இருப்பது எங்கள் வேலையில் வாடிக்கை. நாய் வாலாட்டும், தின்னும், ஓடும். உள்ளே கூப்பாடு நின்றிருக்காது. அதனால்தான் வாலை நம்பாமல் மலத்தையும் ரத்தத்தையும் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். என் நோட்டின் முதல் பக்கத்தில் என் கையெழுத்திலேயே அது எழுதியிருக்கிறது.

6

அடுத்த மாதமே ரத்தம் வந்திருக்கிறது. எனக்குச் சொல்லவில்லை. "நீ வேலயில இருப்ப, எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு விட்டுட்டேன்" என்று பிறகு சொன்னாள். காய்ச்சலும் வயிற்று உப்பசமுமாக அவளை வேனில் படுக்கவைத்து திருச்சிக்குக் கொண்டுபோனார்கள். குடல் வீங்கி வெடிக்கிற நிலை. பெருங்குடலை எடுத்து, வயிற்றின் பக்கவாட்டில் துளை போட்டு, மலம் சேர ஒரு பை வைத்தார்கள். திரும்ப இணைக்க முடியுமா என்று இன்னும் சொல்லவில்லை.

"மாத்திரைய யாரு நிறுத்தச் சொன்னது?" என்று டாக்டர் கத்தியிருக்கிறார். "நானாத்தான் நிறுத்துனேன்" என்றிருக்கிறாள் அக்கா. அவள் புருஷனான மாமாவுக்கும் அதே பதில்தான். மயக்கம் தெளிந்த மறுநாள் அப்பா அவள் கட்டிலருகே நின்று சொன்னது போனில் எனக்கே கேட்டது: "திமிரு புடிச்சவ. ஒரு டாக்டரு தம்பிய வச்சிக்கிட்டு அவங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம நிறுத்தியிருக்காளே."

நான் இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஊருக்குப் போனேன். பையைக் கழற்றிக் கழுவ, வீட்டுப் பின்னால் அக்காவுக்கு என்று ஒரு மறைப்பு கட்டியிருந்தார்கள். மூன்று பக்கம் கீற்று. நாலாவது பக்கம் மஞ்சள் நீராட்டுக்கு அடித்த ஃப்ளெக்ஸ். நல்ல கெட்டியான துணி, மழைக்குத் தாங்கும் என்று மாமா கட்டியிருக்கிறார். எழுத்துப் பக்கம் உள்ளே. தினமும் மூன்று வேளை என் அக்கா என் சிரித்த முகத்தையும் ஸ்டெதாஸ்கோப்பையும் பார்த்துக்கொண்டு பையைக் கழுவுகிறாள். திருப்பிக் கட்டட்டுமா என்று கேட்டேன். "உம் மூஞ்சி வெளிப்பக்கம் தெரிஞ்சா ஒனக்குத்தான அசிங்கம்" என்றாள். கேலிக்குத்தான் சொன்னாள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

7

இதை அப்பாவுக்குச் சொல்லாமல் இதழுக்கு அனுப்பினால் டீக்கடையில் யாராவது படித்துத்தான் அவருக்குத் தெரியவரும். அதனால் இன்று வேலைக்கு நடுவில், ஆய்வுக்கூடத்திலிருந்தே அக்காவைக் கூப்பிட்டேன். ஊரில் பிற்பகல். மிஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"அக்கா, அப்பாட்ட சொல்லப்போறேன். மாத்திரைய நிறுத்தச் சொன்னது நான்னு. நான் பாக்குறது மனுஷங்களுக்கு இல்ல, நாய்க்குன்னு."

மிஷின் நின்றது. "நாய்க்குன்னு எனக்குத் தெரியும்டா. புள்ள படத்தக் காட்டுச்சே, அப்பவே தெரியும். கொழந்த அப்டியெல்லாம் பொய் சொல்லாது."

"தெரிஞ்சுமாக்கா எங்கிட்ட கேட்ட?"

"வாயில்லாச் சீவன். எங்க வலிக்குதுன்னு சொல்லக்கூடத் தெரியாது. அதுக்கே கண்டுபுடிச்சி வைத்தியம் பாக்குறவன், வாயுள்ள எனக்குப் பாக்க மாட்டியான்னு நெனச்சேன்."

இதழில் எழுதப்போவதையும் சொன்னேன். "பையப் பத்தியும் எழுதுவியா?" என்று கேட்டாள். நீ வேண்டாம் என்றால் எழுதவில்லை என்றேன்.

"எழுது. வெட்டிக்கிட்டவளுக்கு என்னா வெக்கம். மாத்திரைய நானா நிறுத்தலன்னு மட்டும் பெருசா எழுது."

எழுதிவிட்டேன். மறுபடியும் எழுதுகிறேன்: என் அக்கா தமிழரசி மாத்திரையைத் தானாக நிறுத்தவில்லை. நான் நிறுத்தச் சொன்னேன்.

போனை வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. "ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள். "ஒரு நாய்க்கு இந்த மாரி மாத்திரைய நிறுத்துனா, அப்பறம் எப்டிடா பாப்பீங்க?"

"கூப்பிட்டு விசாரிப்போம். எடை பாப்போம். ரத்தம், மலம் எடுத்துப் பாப்போம்."

"எத்தன தடவ?"

நோட்டில் ப்ராமின் பக்கத்தைத் திருப்பினேன். அக்காவுக்கு நிறுத்திய அதே மாதம்தான் ப்ராமுக்கும் நிறுத்தினோம். ஒவ்வொரு வரியாக விரல் வைத்து எண்ணினேன். "பதினாலு தடவ" என்றேன்.

"எனக்கு எத்தன தடவ பாத்த?" என்று அவள் கேட்கவில்லை. கட்டைவிரல் படம் இரண்டு பேர் போனிலும் அப்படியே இருக்கிறது.

"இரு, அப்பாட்ட குடுக்குறேன்" என்றாள்.

அப்பா வாங்கினார். "சொல்லு சாமி. ஆஸ்பத்திரிலேருந்தா பேசுற?"

"ஆமாப்பா. நாய் ஆஸ்பத்திரிலேருந்து" என்றேன்.

பிறகு நிறுத்தாமல் எல்லாவற்றையும் சொன்னேன். டப்பா, மலம், இனியா வரைந்த படம், பாதி மாத்திரை, பத்து நாள், பதினான்கு தடவை. அப்பா குறுக்கே பேசவில்லை. அந்தப் பக்கம் மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது மட்டும் கேட்டது. பிறகு கேட்டார்:

"அந்த நாயி இப்ப எப்டி இருக்கு?"

"நல்லாருக்குப்பா."

"ம்" என்றார். போனை வைத்துவிட்டார்.